பிஸ்கட் டின்னில் இருந்த கிளப்

2022 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் பகுதி விளையாட்டுக் கிளப்புக்குப் பொருளாளர் ஆனேன். பழைய பொருளாளர் அங்கிள் ஒரு பிஸ்கட் டின்னையும் ஒரு செக் புத்தகத்தையும் என் கையில் கொடுத்து, "எல்லாம் இதுக்குள்ளேயே இருக்கும்மா" என்றார். தென்னாப்பிரிக்காவில் 2020 டிசம்பர் 31-ஓடு செக் என்பதே ஒழிந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அந்த இடத்திலேயே நாலு கேள்வி கேட்டிருந்தால் அடுத்த இரண்டு வருடம் வேறு மாதிரி போயிருக்கும். இந்த வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்ளப் போகிற யாராவது ஒருவர் முன்கூட்டியே இதைப் படித்துவிட்டால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. ஹாக்கி மட்டையும் கையுமாகப் பிள்ளைகள் திரிகிற ஊர், அதனால் விளையாட்டுக் கூட்டம் என்றாலே எனக்கு ஒரு பாசம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து 2013-இல் டர்பன் வந்தோம், சாட்ஸ்வர்த்தில் வீடு பிடித்தோம். இங்குள்ள தமிழர்கள் 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள். பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் தாத்தா, ஆயா, பெரியம்மா, அண்ணா எல்லாம் அப்படியே இருக்கிறது. பையனைப் பத்து வயதுக்குட்பட்டோர் கால்பந்தில் சேர்க்கப் போனவள்தான் நான். போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஒரே மைதானத்தில் ஏழெட்டு உலகம் நடக்கிறது. கால்பந்தில் மட்டும் நான்கு வயதுப் பிரிவு, கிரிக்கெட்டில் இரண்டு அணி, பெண்களுக்கு நெட்பால், விடியற்காலையில் ஓடுகிற கூட்டம் ஒன்று, ஹாலில் டேபிள் டென்னிஸ், அந்த ஹாலின் மூலையில் துனி ஆடும் தாத்தாக்கள். துனி என்பது இங்குள்ள இந்தியர்களின் சீட்டாட்டம். நம்மூர் இருபத்தெட்டு மாதிரி ஜாக்கியும் ஒன்பதும்தான் அதில் பெரிய சீட்டு. சத்தத்தைக் கேட்டால் கால்பந்து இறுதிப்போட்டி தோற்றுப்போகும்.

பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவி என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் என்பது யாருக்கோ நினைவுக்கு வந்து, "அக்காவுக்குக் கணக்கு தெரியுமே" என்றார். கைதட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. டின்னை வீட்டில் திறந்தபோது ரசீதுகள், ரப்பர் பேண்டுகள், ஒரு விசில், 2019-ஓடு நின்றுபோன கணக்கு நோட்டு. வங்கியில் 64,000 ராண்டுக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. பரவாயில்லையே என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தப் பணத்தை எடுக்க முடியாது என்று அடுத்த வாரம் வங்கியில் சொன்னார்கள். கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை மூன்று பேருக்கு. ஒருவர் 2021-இல் கோவிட்டில் போய்ச் சேர்ந்தார். ஒருவர் மகனோடு ஆஸ்திரேலியாவில். மூன்றாமவர் எனக்கு டின்னைக் கொடுத்த அங்கிள், அவருடைய ஒற்றைக் கையெழுத்து செல்லாது. பணம் உள்ளே போகும், வெளியே வராது. புதியவர்களைச் சேர்க்க வேண்டுமானால் கூட்டத் தீர்மானம், கிளப்பின் சட்டதிட்டம், ஒவ்வொருவரின் அடையாள அட்டை, மூன்று மாதத்துக்குட்பட்ட முகவரிச் சான்று, இவ்வளவும் வேண்டும். கேட்பது அவர்களின் கடமை, 2001-ஆம் ஆண்டின் நிதிப் புலனாய்வுச் சட்டம் அப்படி. என் தவறு வேறு இடத்தில். எங்கள் கூட்டக் குறிப்பில் "புதிய பொருளாளர் தேர்வு செய்யப்பட்டார்" என்று ஒரு வரிதான் இருந்தது. அது போதாது. இன்னின்னார் நீக்கம், இன்னின்னார் சேர்ப்பு, இவர்களில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் செல்லும் என்று முழுப் பெயர், அடையாள எண்ணோடு எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நீங்கள் இந்தப் பதவிக்கு வந்தால், கூட்டம் முடிந்து டீ குடிக்க ஆட்கள் எழுவதற்கு முன்னால் அந்தக் கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள். டீக்குப் பிறகு யாரும் கிடைக்க மாட்டார்கள்.

சரி, இன்னொரு கூட்டம் போடலாம் என்று நினைத்தபோதுதான் வெள்ளம் வந்தது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் பெய்த மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, 400 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து நாட்கணக்கில் வாளியோடு நின்றோம். அந்த நேரத்தில் கிளப் ஞாபகமே யாருக்கும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஹாலைத் திறந்தால் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு. கிளப்பின் சட்டதிட்டம் அந்தத் தட்டில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. வங்கிக்கு வேண்டியது அதுதான். அந்த ஈரக் காகிதக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதது நிஜம். ஊரே வீடிழந்து நிற்கும்போது ஒரு காகிதத்துக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

துனி கோஷ்டியில் மூத்த தாத்தா ஒருவர்தான் காப்பாற்றினார். வயது எண்பத்தாறு. மேகசின் பாராக்ஸில் பிறந்தவர், டர்பன் நகரசபைத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் அவை, பெரும்பாலும் நம் ஆட்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி 1960-களில் அவர்களையெல்லாம் அங்கிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். கிளப்பும் அவர்களோடு வந்திருக்கிறது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சட்டதிட்டத்தின் கார்பன் பிரதி இருந்தது. அதற்கடியில் ஒரு பழைய நோட்டு. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "இதை வாசிக்க ஆள் இல்லாம வச்சிருக்கேன், நீ வாசி பாக்கலாம்" என்றார், உடைந்த தமிழில். பந்துக்கு ஒட்டுப்போட்ட கூலி, மேட்ச்சுக்குப் போன பஸ் கட்டணம், எல்லாம் ஷில்லிங் பென்ஸில். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு பேரின் சுருக்கொப்பம். வாசிக்க வாசிக்க அவர் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்கே போய்விட்டார். வெள்ளையரோடு ஆட முடியாத காலம், ஆடக் கூப்பிட்டாலும் போகக்கூடாது என்று நிறவெறிக்கு எதிராக 1973-இல் தொடங்கிய சாகோஸ் என்ற விளையாட்டுக் கூட்டமைப்பு சொன்ன காலம். 1996-97-இல் நாட்டின் முதல் கால்பந்து பிரீமியர் லீக் கோப்பையைச் சாட்ஸ்வர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ் வென்றதுவரை வந்துதான் நிறுத்தினார். நான் வங்கி மூடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அன்று வங்கிக்குப் போகாமல் முழுதாகக் கேட்டிருக்கலாம். எப்படியும் அன்று வேலை ஆகவில்லை, பிரதியைப் போலீஸ் ஸ்டேஷனில் சான்றொப்பம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அந்தச் சட்டதிட்டத்தைப் படித்தபோது இன்னொரு இடி. சிறப்புக் கூட்டத்துக்கு 25 உறுப்பினர்கள் வர வேண்டுமாம். முதல் முறை கூப்பிட்டேன், 14 பேர். இரண்டாம் முறை லோட் ஷெட்டிங், இருட்டில் 9 பேர். மூன்றாம் முறை கூட்டம் என்று தனியாகக் கூப்பிடவே இல்லை. பதின்மூன்று வயதுப் பையன்களின் கடைசி மேட்ச் அன்று, சட்டப்படியான அறிவிப்பை முன்பே அனுப்பிவிட்டு, பாதி ஆட்டத்துக்கு அப்புறம் மைதான ஓரத்திலேயே நடத்தினேன். ரோட்டி ரோல் கொடுத்தேன். 41 பேர் கையெழுத்து. பெற்றோர் எங்கே தானாக வருகிறார்களோ அங்கே கூட்டத்தைக் கொண்டுபோவதுதான் வழி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

இதற்கிடையில் செலவு நிற்குமா? லீக் சேர்க்கைக் கட்டணம், நடுவர் கூலி, மருந்துப் பெட்டி, நெட்பால் பெண்களின் பயணம். "நீங்க போடுங்கக்கா, கணக்கு திறந்ததும் எடுத்துக்கலாம்" என்றார்கள். போட்டேன். 2023 பிப்ரவரிக்குள் என் கைக்காசு 21,400 ராண்ட் போயிருந்தது. வீட்டுக்காரரிடம் பாதிதான் சொன்னேன், மீதி கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட் சொல்லிவிட்டது. அன்று வந்த சண்டையை எழுதப் போவதில்லை. திரும்ப வாங்கும்போது என்னிடம் ரசீது இருந்தது 13,650-க்கு மட்டும். சனிக்கிழமை காலை நடுவருக்கு ரொக்கமாகக் கொடுக்கிற பணத்துக்கு யார் ரசீது தருகிறார்கள்? மீதி 7,750 போனது போனதுதான். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், எனக்கே இந்தக் கதி. இப்போது ரசீது புத்தகம் ஒன்று பையில் இருக்கிறது. தேதி, தொகை, எதற்கு, வாங்கியவர் கையெழுத்து. விசில் ஊதும் முன்பே வாங்கிவிடுவேன், தோற்ற அணி சத்தம் போட ஆரம்பித்தால் நடுவர் நிற்க மாட்டார்.

பல அணி உள்ள கிளப்பில் இன்னொரு தலைவலி, எல்லோரும் தங்கள் அணியைத்தான் கிளப் என்று நினைக்கிறார்கள். கால்பந்து பயிற்சியாளர் பிள்ளைகளிடம் வாங்கும் சந்தாவைத் தன் போனிலேயே வைத்துச் செலவு செய்வார். திருடவில்லை, சொல்லப்போனால் அவரும் கைக்காசு போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் எனக்குக் கணக்கு வராது. கிரிக்கெட்காரர்கள் அக்டோபர் முதல் மார்ச்வரை ஆடுபவர்கள், கால்பந்து அதற்குப் பிறகு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் இரண்டும் மோதும். நடுவில் உள்ள பிட்ச்சில் பூட்ஸ் காலோடு பையன்கள் ஏறினால் கிரிக்கெட் அங்கிள்மாருக்கு நெஞ்சுவலி வந்துவிடும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் விளக்குக் கட்டணம் கால்பந்துக்கு மட்டும் ஏறும், அதை நெட்பால் ஏன் சுமக்க வேண்டும் என்று கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பதவிக்கு வந்த முதல் மாதமே எது பொதுச் செலவு, எது அணிச் செலவு என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லா அணித் தலைவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நான் செய்தது, கேட்டவர்களுக்கெல்லாம் "பார்க்கலாம்" என்று சொன்னது. அதை அவரவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஓட்டக்காரர்கள்தான் கடைசியில் வெடித்தார்கள். டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்குக்கும் இடையில் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடுகிற காம்ரேட்ஸ் மாரத்தான் அவர்களுக்குத் தைப்பூசம் மாதிரி. அதில் ஓட இந்நாட்டுக்காரர்களுக்குத் தடகளச் சங்கத்தில் சேர்ந்த கிளப் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும், ஆண்டுதோறும் லைசென்ஸ் எண் வாங்க வேண்டும். 2023 ஜனவரியில் சந்தா எல்லோரும் கட்டிவிட்டார்கள், அந்தப் பணம் முடங்கிய கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. லைசென்ஸுக்கு மறுபடி கைக்காசு போட்டார்கள். எங்களை வைத்துத்தான் கிளப் ஓடுகிறது, தனியாகப் போகிறோம் என்றார்கள். உறுப்பினர் எண்ணிக்கையில் பாதி அவர்கள். பணம் எடுக்க முடியாத கணக்கில் சந்தா வாங்கியது என் பெரிய பிழை. கணக்கு முடங்கியது என்று தெரிந்த அன்றே எல்லோருக்கும் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பயந்து மறைத்தேன், அவ்வளவுதான்.

ஸ்பான்சர் கதை இதைவிட மோசம். ஒரு கடைக்காரர் ஜெர்சிக்கு 15,000 ராண்ட் தருவதாகச் சொன்னார், வரிக்கழிவுக்கு 18ஏ ரசீது கேட்டார். தருகிறோம் என்று வாயை விட்டேன். இந்நாட்டு வருமான வரிச் சட்டத்தில் பொதுநலப் பணிகளுக்கு இரண்டு பட்டியல். அமெச்சூர் விளையாட்டு முதல் பட்டியலில் இருக்கிறது, அதனால் கிளப்புக்கு வரிவிலக்குக் கிடைக்கலாம். நன்கொடை கொடுப்பவருக்குக் கழிவு தருகிற பட்டியலில் அது இல்லை. அது தெரிந்தபோது அவர் ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஏமாற்றுக்காரி மாதிரி பார்த்த அந்தப் பார்வை இன்னும் மனதில் இருக்கிறது. அதே சமயம் இன்னொரு கம்பெனி எங்கள் லாபநோக்கற்ற அமைப்புப் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்து, இது ரத்தாகிவிட்டதே என்றது. 1997-இன் சட்டப்படி நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். எத்தனையோ வருடமாக யாரும் கொடுக்கவில்லை. பதறிப்போய் ஒரு ஏஜெண்ட்டிடம் 3,500 ராண்ட் கொடுத்தேன். சமூக மேம்பாட்டுத் துறையில் அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது என்பது பிறகு தெரிந்தது. ஏஜெண்ட் கேட்ட விவரத்தையெல்லாம் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், அவர் அனுப்பி வைத்தார். அந்த 3,500-ஐக் கிளப்பிடம் கேட்க வாய் வரவில்லை.

பிரியாணி விற்றுச் சரிக்கட்டலாம் என்று முடிவெடுத்தோம். டர்பனில் கோயில், பள்ளி, கிளப் எதுவானாலும் பணத்துக்கு வழி பிரியாணி டிக்கெட்தான். இங்கே பிரியாணிக்குள்ளேயே பருப்பும் உருளைக்கிழங்கும் கிடக்கும், முதல் வருடம் நான் முகம் சுளித்தேன், இப்போது அது இல்லாவிட்டால் பிரியாணியாகத் தோன்றுவதில்லை. 400 டிக்கெட், ஒன்று 70 ராண்ட். இரவு முழுக்க விறகடுப்பில் அண்டா. காலையில் டிக்கெட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் பொட்டலம் கொடுத்தோம். பணம் வந்து சேர்ந்தது 341-க்கு. மீதி 59 டிக்கெட், 4,130 ராண்ட், எந்த அணி வாங்கிப் போய் யாரிடம் விற்றது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுக்கட்டாக அள்ளிக் கொடுத்திருந்தேன். எண் போட்ட டிக்கெட்டை வைத்துக்கொண்டு எந்த எண் யாரிடம் என்று எழுதாமல் விட்டால் எண் போட்டு என்ன பயன்?

அன்றிரவு கிளப் வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டார்: "பொருளாளரிடம் ஒரே கேள்வி. பணம் எங்கே?" அவ்வளவுதான். கீழே பதினேழு பேர் கட்டைவிரல். எனக்கு முந்தின நாள் தூக்கமில்லை, கையெல்லாம் வெங்காய வாசனை. ஒன்பது வருடத்தில் முதன்முறையாக ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. பதில் தட்டித் தட்டி அழித்தேன். நல்ல வேளை அனுப்பவில்லை. மறுநாள் வங்கி ஸ்டேட்மெண்ட், கைக்காசுப் பட்டியல், வராத 59 எண்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் போட்டேன். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் நெட்பால் கேப்டன் பெண் ஒருத்தி தனியாக அழைத்தாள். "ஆன்ட்டி, இதெல்லாம் நீங்க மட்டுமா செய்றீங்க? எங்ககிட்ட ஏன் சொல்லல?" ஒரு வருடம் நான் தனியாகத்தான் இழுத்தேன் என்பது உண்மை, அதே அளவு உண்மை நான் யாரையும் கூப்பிடவில்லை என்பதும். மாதா மாதம் அந்தப் படங்களைப் போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அந்தப் பெண்தான் இன்னொன்றையும் கேட்டாள். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியலில், இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும், குழந்தைகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. நம் பயிற்சியாளர்களுக்குச் செய்திருக்கிறோமா? ஒருவருக்கும் செய்யவில்லை. பணக் கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தவளுக்கு அப்போதுதான் உண்மையாகவே வயிறு கலங்கியது. என் பையனும் அந்த மைதானத்தில்தான் இருக்கிறான். எல்லோருக்கும் அனுப்பினோம், பதில் வர வாரக்கணக்கில் ஆயிற்று, எல்லாம் நல்லபடியாகவே வந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும். மற்ற வேலை எது தள்ளிப்போனாலும் இதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு 2023 பிப்ரவரி கடைசி வாரம் திறந்தது. அதே வாரம், 24-ஆம் தேதி, பணச் சலவையைச் சரியாகத் தடுக்காத நாடுகளுக்கான உலகச் சாம்பல் பட்டியலில் தென்னாப்பிரிக்காவைப் போட்டார்கள். நாட்டையே சந்தேகப்படுகிற நேரத்தில் எங்கள் கிளப் மட்டும் தப்பியதே என்று வீட்டுக்காரர் சிரித்தார், பல மாதத்துக்குப் பிறகு. இப்போது ஒரே வங்கிக் கணக்கு, உள்ளே அணிக்கொரு பக்கம். மூன்று பேர் கையெழுத்து, மூவரும் வெவ்வேறு அணி. ஓட்டக்காரர்கள் போகவில்லை, அவர்களில் ஒருவர்தான் இப்போது துணைப் பொருளாளர். சட்டதிட்டம் நாலு வீட்டில் இருக்கிறது. தாத்தாவின் பழைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறோம், ஞாயிறு மதியம் துனி முடிந்த பிறகு இரண்டு பக்கம் அவருக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை.

போன வருடம் பிரியாணி விற்ற அன்று காலை, வரிசையில் ஒரு அங்கிள் மடித்த டிக்கெட்டை நீட்டினார். அந்தப் பழைய பிரியாணியுடையது. ஃபிரிட்ஜில் காந்தத்துக்கு அடியில் இருந்ததாம், அன்று வர முடியவில்லையாம். பணம் கொடுத்து வாங்கியதுதான் என்று சத்தியம் செய்தார். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன், ஞாபகம் இல்லை என்றார். பொட்டலம் கொடுத்தேன், ரசீது புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.